மயக்க மருந்தைப் பற்றி மீன் என்ன சொல்கிறது?

பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமாகப் பிரிக்கப்பட்ட ஒரு தொட்டி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 51 வரிக்குதிரை மீன்களை இப்படியொரு தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். எந்தப் பாதி ஒரு மீனுக்குப் பிடித்திருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பிடித்த பாதியிலேயே மயக்க மருந்து கலந்து மீனை மயங்க வைத்தார்கள். மயக்கம் தெளிந்த மீன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகிறதா என்பதுதான் சோதனை. உலகம் முழுக்க மீன் ஆய்வகங்கள் அதிகமாகப் பயன்படுத்தும் எம்எஸ்-222 என்ற மருந்தைச் சந்தித்த 17 மீன்களில் 9 மீன்கள் அந்தப் பக்கம் போகவே மறுத்துவிட்டன. மெட்டோமிடேட் மருந்தைச் சந்தித்த 18 மீன்களில் மறுத்தவை 2. கிராம்பு எண்ணெயைச் சந்தித்த 16 மீன்களில் மறுத்தவை 3.

இந்த முடிவு 2014இல் அச்சாகிவிட்டது. மீன்களைக் கொல்ல வேண்டிய நேரத்தில் எம்எஸ்-222க்குப் பதிலாக மற்ற இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள் என்று ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். ஆனாலும் இன்றுவரை ஆய்வக அலமாரிகளில் முதல் தட்டில் இருப்பது எம்எஸ்-222 என்ற அதே வெள்ளைத் தூள்தான். அது மோசமான மருந்து என்று சொல்ல வரவில்லை. ஒரு மயக்க மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு விரைவில் மயங்குகிறது, எத்தனை பிழைக்கின்றன, விலை என்ன என்றெல்லாம் கேட்கிறோம். அதற்குள் இறங்கும் உயிர் அதை எப்படி எதிர்கொள்கிறது என்ற கேள்விக்கும் சம இடம் தர வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை காணும் வழி நம் கையில் இருக்கிறது.

யாருக்காக இந்த வாதம் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. வரிக்குதிரை மீன் நம் துணைக்கண்டத்துக்காரன். கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் திரிகிற, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறு மீன். கங்கையின் மீன்களைப் பற்றி ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூலில்தான் இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. பிறகு வெகுகாலம் வண்ணமீன் கடைகளில்தான் இதன் வாழ்க்கை. சென்னை கொளத்தூரின் கடைகளிலும் கண்ணாடித் தொட்டிகளில் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை மரபியல் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். அவருடைய முதன்மையான கட்டுரை 1981இல் நேச்சர் இதழில் வந்தது. கரு உடலுக்கு வெளியே, கண்ணாடி போன்ற முட்டைக்குள் வளர்வதால் இதயம் துடிக்கத் தொடங்குவதை உயிரோடு இருக்கும்போதே பார்க்க முடிகிறது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை மரபணு ஒன்றாவது உண்டு என்பது 2013இல் அதன் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தபோது தெரியவந்தது. புற்றுநோய், இதய நோய், காசநோய், வலிப்பு என்று எதை எடுத்தாலும் இன்று ஏதோ ஓர் ஆய்வகத்தில் இந்த மீன் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மட்டுமல்ல, ஹைதராபாத், டெல்லி, பெங்களூரு, மும்பை ஆய்வு நிறுவனங்களிலும் இதை வளர்க்கிறார்கள். ஆண்டுதோறும் இப்படிப் பயன்படும் மீன்களின் எண்ணிக்கை பல லட்சங்களில் வரும்.

இவற்றில் பெரும்பாலானவை வாழ்நாளில் ஒரு முறையாவது மயக்கப்படுகின்றன. மரபணுச் சோதனைக்காக வால் துடுப்பில் ஒரு சிறு துண்டு வெட்டுவதற்கு, ஊசி போடுவதற்கு, நுண்ணோக்கியின் கீழே அசையாமல் வைப்பதற்கு மயக்கம் தேவை. ஆய்வு முடிந்த பிறகு அதே மருந்தைக் கூடுதலாகக் கொடுத்து உயிரை எடுக்கிறார்கள்.

மீனை மயக்குவது மனிதரை மயக்குவதுபோல் இல்லை. முகமூடியும் கிடையாது, நரம்பில் ஊசியும் கிடையாது. மருந்தைத் தண்ணீரில் கலந்தால் செவுள் வழியே அது நேராக ரத்தத்தில் ஏறுகிறது. முதலில் மீன் நிலைகுலைந்து ஒருக்களிக்கும். பிறகு நீந்துவது நிற்கும். வாலைக் கிள்ளினால் துள்ளாது. செவுள் மூடியின் அசைவு மெதுவாகும். இந்த இடத்தில் வேலையை முடித்து மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றினால் அதே செவுள் வழியே மருந்து வெளியேறி மீன் எழுந்துகொள்ளும். இன்னும் சிறிது நேரம் விட்டால் செவுள் அசைவும் நின்றுபோகும். அரை கிராம் எடைகூட வராத ஓர் உயிருக்கு உறக்கத்துக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரம் சில நிமிடங்கள்தான்.

எம்எஸ்-222 கோக்கைனுக்கு மாற்றாக உணர்விழப்பு மருந்துகளைத் தேடிய காலத்தின் கண்டுபிடிப்பு. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தின் வழியே வந்தது. பல் மருத்துவரும் தோல் மருத்துவரும் பயன்படுத்தும் பென்சோகெய்னுக்கு அது மிக நெருங்கிய உறவு. பென்சோகெய்ன் தண்ணீரில் எளிதில் கரையாது; இது கரையும். மீனுக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்? நரம்புகளில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அது அடைக்கிறது. செய்தி ஓட்டம் நின்றுபோகிறது. வளர்ந்த வரிக்குதிரை மீனுக்கு லிட்டருக்கு 150 முதல் 170 மில்லிகிராம் வரை போதும். ஓரிரு நிமிடங்களில் மயக்கம் வந்துவிடும், தெளிவதும் விரைவு. அமெரிக்காவில் உணவு மீன்களுக்கும் சட்டப்படி அனுமதி பெற்ற மருந்து இது. பயன்படுத்திய பிறகு 21 நாள் கழித்தே அந்த மீனை உணவுக்கு விற்கலாம். நெடுங்காலப் பழக்கம், எண்ணற்ற ஆய்வுக் கட்டுரைகள், கையில் தயாராக இருக்கும் அளவுக் குறிப்புகள் எல்லாம் அதன் பக்கம் நிற்கின்றன. ஓர் ஆய்வு மாணவர் முதல் நாளில் கற்றுக்கொள்ளும் மருந்தும் இதுவாகத்தான் இருக்கும்.

குறைகளும் உண்டு. தண்ணீரில் கரைந்ததும் அது அமிலமாகிறது. சோடா உப்போ அதுபோன்ற வேறொன்றோ சேர்த்து அமிலத்தைத் தணிக்காவிட்டால் செவுளும் தோலும் எரியும். இந்த ஒரு படியை விட்டுவிட்டால் மீன் துடிப்பது மருந்தாலா அமிலத்தாலா என்று பார்ப்பவருக்கே தெரியாது. மருந்தை வெளிச்சத்தில் வைத்தால் கெடும். நீண்ட நேரம் மயக்கத்தில் வைக்கும் வேலைக்கு அது ஏற்றதல்ல, இதயம் தளரும். கையுறை இல்லாமல் நெடுங்காலம் கையாண்ட ஒருவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்ட நிகழ்வு 1990களில் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தொடர்பை நிறுத்தியபின் அந்தப் பாதிப்பு சரியானது. மருந்து மீனுக்கு மட்டும் வேலை செய்வதில்லை.

கனடா ஆய்வுக்கு ஓராண்டு முன்பே, 2013இல், பிரிட்டனில் இன்னொரு குழு வேறு வழியில் இதே கேள்வியைக் கேட்டது. ஓடும் நீருள்ள ஒரு தொட்டி. ஒரு பக்கம் சுத்தமான நீர், மறுபக்கம் மயக்க மருந்து கலந்த நீர். வழக்கமான அளவில் பாதியை மட்டுமே கலந்தார்கள். மீன் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை கேமராவும் கணினியும் கணக்கெடுத்தன. ஒன்பது மருந்துகளை இப்படிச் சோதித்ததில் இரண்டை மட்டும் மீன்கள் தவிர்க்கவில்லை: எட்டோமிடேட், ட்ரைபுரோமோஎத்தனால். எம்எஸ்-222யும் பென்சோகெய்னும் மீன்கள் விலகிப்போன பட்டியலில் இருந்தன. குறைந்த அளவிலேயே மீன் விலகிப்போகும் மருந்துகளை வளர்ந்த வரிக்குதிரை மீன்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும், எட்டோமிடேட் மிகப் பொருத்தமாகத் தெரிகிறது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

அப்படியானால் மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் ஒப்பீடு சிக்கலாகிறது.

எட்டோமிடேட் மனித மருத்துவத்தில் அவசர அறுவைக்கு முன் மயக்கம் தர இன்றும் பயன்படும் மருந்து. ரத்த அழுத்தத்தைப் பெரிதாகக் குலைக்காது என்பது அதன் பெருமை. ஆனால் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரப்பதை அது தடுத்துவிடும். தீவிர சிகிச்சை நோயாளிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது மரணங்கள் கூடியதை 1983இல் லான்செட் இதழில் இருவர் சுட்டிக்காட்டினார்கள். அதற்குப் பிறகே இந்த விளைவு பரவலாகத் தெரிந்தது. அதன் நெருங்கிய உறவான மெட்டோமிடேட்டும் அப்படியே. மீனின் மன அழுத்தத்தையே அளக்கும் ஆய்வில் இந்த மருந்துகளைப் பயன்படுத்தினால் விடை தொடக்கத்திலேயே கோணிவிடும். கார்ட்டிசால் ஏறவில்லை என்பதால் மீன் நிம்மதியாக இருந்தது என்று எழுதிவிட முடியாது. மேலும் இவை உறக்கம் தருகிற மருந்துகள். வலியைப் போக்குபவை அல்ல. வெட்டும் தையலும் உள்ள வேலைக்கு வலி நிவாரணி தனியாக வேண்டும். இன்னொரு தடை புதிதாக முளைத்திருக்கிறது. ஆசிய நகரங்களில் எட்டோமிடேட்டை மின்சிகரெட்டில் கலந்து போதைக்காகப் புகைக்கும் பழக்கம் பரவியதால், சிங்கப்பூர் 2025 செப்டம்பர் முதல் அதைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட மருந்தை ஒரு ஆய்வகம் வாங்கி வைப்பதென்றால் அனுமதியும் பதிவேடும் கூடவே வரும்.

கிராம்பு எண்ணெய்க்குத் தமிழ் வாசகரிடம் அறிமுகம் தேவையில்லை. பல்வலிக்கு அதை வைத்து அடக்கிய வாய்கள் ஏராளம். கன்னியாகுமரி மலைகளில் விளையும் கிராம்பு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதிலுள்ள யூஜெனால்தான் மயக்கத்தைத் தருவது. மலிவு, எங்கும் கிடைக்கும், மிகக் குறைந்த அளவே போதும். கனடா மீன்கள் அதை வெறுத்ததும் குறைவு. ஆனால் பிரிட்டனின் தொட்டியில் மீன்கள் தவிர்க்காத மருந்துகள் இரண்டே; அதில் இதற்கு இடமில்லை. இரண்டு சோதனைகளும் அளந்தவை வேறு வேறு: ஒன்று மயங்கியெழுந்த அனுபவத்தின் நினைவை, மற்றது நீரில் முதன்முதலாக உணரும் மருந்தின் சுவையையும் மணத்தையும். கிராம்பு எண்ணெய் தண்ணீரில் கரையாது. முதலில் எத்தனாலில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். மயக்கம் தெளிய எம்எஸ்-222ஐவிட அதிக நேரம் பிடிக்கும். இயற்கையிலிருந்து வடித்த எண்ணெய் என்பதால் யூஜெனாலின் பங்கு புட்டிக்குப் புட்டி மாறும். நேற்றைய அளவு இன்றைய மீனுக்குக் கூடுதலாகிவிடலாம். எண்ணெயில் சிறிதளவு கலந்திருக்கும் மெத்தில்யூஜெனால் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதும் பதிவாகியிருக்கிறது. மீனுக்கு மயக்க மருந்தாக அதற்கு அனுமதி இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007இல் தெளிவுபடுத்தியது. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதாலேயே ஒரு பொருள் ஆய்வகத்துக்குத் தகுதியாகிவிடாது. தரப்படுத்திய யூஜெனாலை வாங்கிப் பயன்படுத்துவது ஓரளவு நேர்மையான வழி.

மருந்தே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. வரிக்குதிரை மீன் வெப்பநாட்டு மீன். 28 பாகை செல்சியஸில் வளர்வது. அதை 2 முதல் 4 பாகை வரையுள்ள நீரில் இறக்கினால் நொடிகளில் அசைவு நிற்கிறது. கொல்வதற்கு இந்த முறையையும் எம்எஸ்-222ஐயும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. குளிர்நீரில் மீன்கள் விரைவாக இறந்தன. துன்பத்தின் அறிகுறிகளும் குறைவு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் சிறிய வெப்பநாட்டு மீன்களுக்கு இதை ஏற்றுக்கொள்கிறது. மீன் உடல் நேரடியாகப் பனிக்கட்டியைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. குளிர்நாட்டு மீனுக்கும் பெரிய மீனுக்கும் இது பொருந்தாது. சில நாள் வயதான குஞ்சுகள் குளிரையும் எம்எஸ்-222ஐயும் வளர்ந்த மீன்களைவிட வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். இறந்துவிட்டதென்று அள்ளிக் கொட்டிய குஞ்சு குப்பைத் தொட்டியில் தெளிந்தெழக் கூடும். அதனால்தான் குஞ்சுகளுக்கு இரண்டாவதாக ஒரு முறையையும் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்கிறார்கள்.

2013இல் சோதித்த பிரிட்டன் குழு 2017இல் மற்ற மீன்களிடமும் அதே கேள்வியைக் கொண்டுபோனது. இந்த வாதத்தில் மிகவும் யோசிக்க வைப்பது அந்த முடிவுதான். ஜப்பானின் மெடாக்கா மீன் வரிக்குதிரை மீனைப்போலவே எம்எஸ்-222ஐயும் பென்சோகெய்னையும் விட்டு விலகியது. வரிக்குதிரை மீனுக்குச் சொந்தக்காரனான சாதாக் கெண்டையோ தலைகீழாக நடந்துகொண்டது: எம்எஸ்-222யும் பென்சோகெய்னும் அதற்குப் பொருட்டில்லை, எட்டோமிடேட்டைத்தான் தவிர்த்தது. நீலகிரி ஓடைகளுக்கு வெள்ளையர் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட் இந்த மூன்று மருந்துகளில் எதையுமே தவிர்க்கவில்லை. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனிடம் இந்தத் தொட்டிச் சோதனையால் தெளிவான விடையே பெற முடியவில்லை. அதற்கு வேறு சோதனை முறை வேண்டும் என்று எழுதி நிறுத்தினார்கள். ஆக, "மீனுக்கு நல்ல மயக்க மருந்து" என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்த மீனுக்கு, இந்த வயதில், இந்த வேலைக்கு என்றுதான் பேச முடியும். ஒரு மீனுக்குக் கிடைத்த விடையை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டவைப்பது அந்த மீனைக் கேட்காமல் முடிவெடுப்பதே.

மீனுக்கு வலியே தெரியாது என்பவர்களும் இருக்கிறார்கள். மூளையின் மேலடுக்கு மீனுக்கு இல்லை, அது இல்லாமல் வலி உணர்வு சாத்தியமில்லை என்று 2016இல் பிரையன் கீ வாதிட்டார். அவருக்கு முன்பே, 2003இல், லின் ஸ்னெட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் வானவில் ட்ரவுட்டின் தலைப்பகுதியில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். உதட்டில் தேனீ விஷமோ அசிட்டிக் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் உடலை ஆட்டின, அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, இரை எடுக்க வெகுநேரம் ஆனது. ஸ்னெட்டனின் இன்னொரு சோதனையில், வலியூட்டப்பட்ட வரிக்குதிரை மீன்கள் செடியும் கல்லும் நிறைந்த தங்களுக்குப் பிடித்த தொட்டியை விட்டு, வலி நிவாரணி கலந்த வெறுந்தொட்டிக்குப் போயின. இந்த விவாதம் இன்னும் நடக்கும். மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீன் விலகிப்போகிறது என்பது அளந்து காட்டப்பட்ட செயல். அதே பலன் தருகிற, மீன் விலகாத வேறு மருந்து இருக்கும்போது விலகுவதையே திரும்பத் திரும்பக் கொடுப்பதற்கு நியாயம் சொல்ல வேண்டியவர் கொடுப்பவர்தான்.

அறிவியலுக்கும் இதில் நேரடி லாபம் உண்டு. துடித்துத் துடித்து மயங்கிய மீனின் ரத்தத்திலும் மூளையிலும் அந்தத் துடிப்பின் தடயம் இருக்கும். அமிலம் தணிக்கப்பட்டதா, நீரின் வெப்பம் என்ன, எவ்வளவு நேரம் மயக்கத்தில் வைத்தார்கள் என்பவை ஆய்வுக் கட்டுரைகளில் பல நேரம் ஒரே வரியில் கடந்துபோகின்றன; சிலவற்றில் மருந்தின் பெயரும் அளவும் மட்டுமே இருக்கும். அந்த ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்ய முயலும்போது விடை மாறினால் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதிமுறை தாமே இரை தேடத் தொடங்கிய மீன் குஞ்சுகளிலிருந்து பாதுகாப்பைத் தருகிறது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்தில் மீனுக்கு இடமே இல்லை. அரசு நிதி பெறும் ஆய்வுகளை மட்டும் வேறொரு கொள்கை கட்டுப்படுத்துகிறது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மனிதரல்லாத எல்லா உயிரையும் விலங்கு என்றே வரையறுத்தது. அந்த வகையில் அது பெருந்தன்மையான சட்டம். மீன்களில் நடத்தும் ஆய்வுகளுக்கென்று 2021இல் தனி வழிகாட்டுநெறிகளும் வந்தன. இனி வேலை, ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்திலும் உள்ள விலங்கு நெறிமுறைக் குழுக்களுடையது. விண்ணப்பத்தில் "எம்எஸ்-222 பயன்படுத்தப்படும்" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது போதாது. எந்த மீன், என்ன வயது, விழித்தெழ வேண்டுமா வேண்டாமா, இந்த மருந்தை இந்த மீன் தவிர்க்கிறதா என்று பார்த்தவர் உண்டா என்ற கேள்விகளை அந்தக் குழு கேட்க வேண்டும். விழித்தெழ வேண்டிய, குறுகிய நேர வேலைக்கு நன்றாக அமிலம் தணித்த எம்எஸ்-222 தொடரலாம். அதன் கணிக்கத்தக்க தன்மை மீனின் உயிரையும் காக்கிறது. உயிரை எடுப்பதற்கு, அதுவும் வளர்ந்த வரிக்குதிரை மீனின் உயிரை எடுப்பதற்கு, அதையே முதல் மருந்தாக வைத்திருக்க இன்று காரணம் இல்லை. குளிர்நீர் இருக்கிறது, எட்டோமிடேட் இருக்கிறது, மெட்டோமிடேட் இருக்கிறது.

தமிழ்நாட்டின் மீன்வளக் கல்லூரிகளுக்கு இதில் செய்ய நிறைய இருக்கிறது. குளத்து மீன்களைச் சினைக்கு ஊசி போடவும், தொலைவுக்கு ஏற்றிச் செல்லவும், அடையாளமிடவும் நம் ஊரிலும் மயக்க மருந்து பயன்படுகிறது. ரோகு, கட்லா, விரால், திலாப்பியா என்று நாம் கையாளும் மீன்கள் வரிக்குதிரை மீனும் அல்ல, ட்ரவுட்டும் அல்ல. சொந்தக்காரனான கெண்டையே எதிர்மாறாக நடந்துகொண்டதென்றால் இவை எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகித்துச் சொல்ல முடியாது. இருபக்கமும் நீர் ஓடும் ஒரு தொட்டி, மேலே ஒரு கேமரா, இலவசமாகக் கிடைக்கும் அசைவுக் கணிப்பு மென்பொருள், பொறுமையுள்ள இரண்டு முதுநிலை மாணவர்கள் இருந்தால் போதும். ஒவ்வொரு மீனாக, ஒவ்வொரு மருந்தாக, பாதி அளவில் கலந்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து எழுதத் தொடங்கலாம்.